சிவந்த கண் எல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல



மழை தொடங்கிவிட்டது. லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் சிலர் சாயங்காலம் ஆறு மணிக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. ஐப்பசி பிறந்தால் மெட்ராஸ் ஐயும் வந்துவிடும். ஊர் பெயர் சென்னை என்று மாறி இத்தனை வருஷம் ஆகியும் பழைய பெயரை விடாமல் வைத்திருக்கும் நோய் அது. கண் சிவந்தால் நம் ஊரில் எல்லோரும் டாக்டர். "ஒண்ணுமில்லை, மெட்ராஸ் ஐதான், ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கோ, நாலு நாள்ல போயிடும்" என்பார்கள். பெரும்பாலும் அப்படியே போயும் விடும். அதனால்தான் அந்தப் பேச்சை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இந்தப் பதிவு காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கும், வீட்டில் லென்ஸ் போடும் பெண்ணோ பிள்ளையோ இருப்பவர்களுக்கும். கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தவர்கள் நீங்கள், ஒரு கால் மணி நேரம் உட்கார மாட்டீர்களா? அதற்கும் நேரமில்லாதவர்களுக்கு ஒரே வாக்கியம்: லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவந்து வலித்தால், யார் மெட்ராஸ் ஐ என்று சொன்னாலும் நம்பாமல், லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள். இதைப் படித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் போகலாம். மற்றவர்களுக்கு இனிமேல்தான் பாடம்.

என் தம்பி மகளுக்கு இருபத்தாறு வயது. அடையாறில் வீடு, பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதீங்க அத்தை, மத்ததெல்லாம் எழுதுங்க. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்துக்கு மேல் பவர். காலேஜ் சேர்ந்த நாளிலிருந்து லென்ஸ்தான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியில் வரும்போது லென்ஸோடு தூங்கிப்போவாள். வீட்டுக்கு வந்ததும் அப்படியே படுக்கையில் விழுவதும் உண்டு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மழை நாளில், ஒரு சனிக்கிழமை காலை அவளுடைய வலது கண் சிவந்திருந்தது. ஆபீஸில் நாலைந்து பேருக்கு மெட்ராஸ் ஐ. ஆகவே இவளுக்கும் அதுதான் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தி. நகருக்குப் போன இடத்தில் ஒரு மருந்துக்கடையில் சொட்டு மருந்து கேட்டிருக்கிறாள். சீட்டும் கேட்கவில்லை, லென்ஸ் போடுகிறவளா என்றும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சிவப்பு கொஞ்சம் வடிந்தது. எல்லோருக்கும் நிம்மதி. திங்கட்கிழமை காலையில் வலி தலை வரைக்கும் ஏறிவிட்டது. ஜன்னல் திரையை விலக்கினால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் நான் அங்கே போனேன். வாசல் வெளிச்சத்துக்கு அழைத்து வந்து இமையைத் தூக்கிப் பார்த்தால், கருவிழி மேல் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. எங்கள் பாட்டி காலத்தில் "கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்பார்கள். கேட்க அழகான சொல். ஆனால் அந்தப் பூ விழுந்தவர்களுக்குப் பிறகு அந்தக் கண்ணால் பார்வை இராது. அம்மை, வைட்டமின் ஏ குறைவு, வயலில் பட்ட அடி என்று எத்தனையோ காரணத்தால் அப்படிப் பூ விழுந்த கண்களை என் சிறு வயதில் ஊருக்கு இரண்டு பேரிடமாவது பார்த்திருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணின் கண்ணில் அதைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பத்தாவது நிமிஷம் ஆட்டோவில் இருந்தோம்.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது மூன்று கேள்வி. எத்தனை நாளாக வலி? லென்ஸோடு தூங்குவாயா? என்ன மருந்து போட்டாய்? சொட்டு மருந்துப் புட்டியை வாங்கி லேபிளைப் படித்த டாக்டர் அம்மா ஒன்றும் பேசாமல் அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டார். ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்த மருந்து. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும். அதே சமயம் கிருமியோடு சண்டை போட வந்த நம் சொந்தச் சேனையின் கையையும் கட்டிப்போடும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிடைத்த நிம்மதி அப்படிப்பட்டது. உள்ளே புண் வளர்ந்துகொண்டிருக்க, வெளியே சிவப்பு மட்டும் குறைந்திருந்தது.

கண்ணை மரத்துப்போக வைத்து, புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவினார்கள். லென்ஸையும் லென்ஸ் டப்பாவையும் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. பன்னிரண்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தியவளுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும். பாத்ரூம் குழாயடி, வாஷ்பேசின், கழுவிக் காய வைக்காத டப்பா எல்லாம் அதற்கு வீடு. நல்ல கார்னியாவின் மேல் சும்மா உட்கார்ந்தால் அதனால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஒரு சின்னச் சிராய்ப்பு கிடைத்தால் போதும், ஓரிரு நாளில் கார்னியாவை உருக்கி ஓட்டை போட்டுவிடக்கூடிய கிருமி அது.

பிறகு வந்தது மருந்துப் படலம். இரண்டு புட்டி, இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷ இடைவெளி, மணிக்கு ஒரு தடவை. ராத்திரியும்தான். முதல் இரண்டு நாள் ஒரு வேளை கூடத் தவறக் கூடாது என்றார்கள். நானும் தம்பி மனைவியும் முறை போட்டுக்கொண்டு விழித்திருந்தோம். ஒரு நோட்டில் மணி வாரியாகக் கோடு போட்டு, வருகைப் பதிவேடு மாதிரி டிக் அடித்தேன். மூன்று மணி டிக், நாலு மணி டிக். வலியில் அழுதுகொண்டே தூங்குகிற குழந்தையை எழுப்பி இமையைப் பிரித்து மருந்து விடுவது இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெம்பில்லை. "அத்தை, இந்தக் கண்ணு தெரியுமா?" என்று ஒரு தடவை கேட்டாள். "தூங்கு" என்று மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் டாக்டர் அம்மா, "ஓரம் அடங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார். பிறகு வாரக்கணக்கில் மருந்து, லீவு, பரிசோதனை. இன்றைக்குக் கண் இருக்கிறது, பார்வையும் இருக்கிறது. கருவிழியில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. நல்லவேளையாகப் பாப்பாவுக்கு நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வந்திருந்தால் கதையே வேறு. ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கு இப்போதும் அவளுக்குச் சிதறித்தான் தெரிகிறது.

சரி, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் எப்படி இவ்வளவு செய்கிறது? கரும்பலகைக்கு வாருங்கள்.

கண்ணின் படம் வரையச் சொன்னால் நீங்கள் முதலில் போடும் அந்த முன்பக்க வளைவுதான் கார்னியா. கருவிழிக்கு மேலே கடிகாரக் கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிவான படலம். நடுவில் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். உடம்பில் மற்ற இடங்களுக்கெல்லாம் ரத்தம் ஆக்சிஜன் கொண்டுபோகும். கார்னியாவில் ரத்தக் குழாய் ஓடினால் ஒளி போக முடியாது. ஆகவே அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே நேராக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. கண்ணை மூடித் தூங்கும்போது இமையின் உட்புறத்து ரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் கிடைக்கும். விழித்திருக்கும்போது கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அது. மூடிய இமைக்குள் லென்ஸும் இருந்தால் அதிலும் குறைவு. மேல்தோல் வீங்கும், செல்கள் தளரும். கிருமிக்கு வேண்டிய வாசல் அதுதான்.

அடுத்தது கண்ணீர். நாம் துக்கத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது நாள் முழுவதும் நடக்கும் வாசல் பெருக்கல். ஒவ்வொரு இமைப்பும் ஒரு துடைப்பம். கண்ணீரில் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது. பாக்டீரியாவின் சுவரை உடைக்கும். அதைக் கண்டுபிடித்து 1922-இல் உலகுக்குச் சொன்னவர், பின்னால் பெனிசிலினைக் கண்டுபிடித்த அதே அலெக்சாண்டர் ஃப்ளெமிங். லென்ஸ் போட்டால் இந்தப் பெருக்கல் தடைபடுகிறது. லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவில் மாட்டிய கண்ணீர் தேங்கிய குட்டை போல நிற்கிறது.

இன்று எல்லோரும் போடும் சாஃப்ட் லென்ஸைச் செய்து காட்டியவர் செக் நாட்டு வேதியியலர் ஓட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் விளையாடும் உதிரிப் பாகப் பெட்டியை வைத்து வீட்டிலேயே ஒரு சுழலும் இயந்திரம் செய்து அதில் வார்த்து எடுத்தார். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் மெத்தென்ற பொருள் அது. உறுத்தாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம், தண்ணீரோடு வரும் எதையும் உள்ளே கூட்டி வருவதற்கும் அதுதான் காரணம்.

கார்னியாவில் புண் வருவது நம் மாநிலத்துக்குப் புதிதில்லை. மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெற்கு மாட வீதி வெள்ளீஸ்வரர் கோயில் தெரியும். மகாபலி தானம் கொடுக்கும்போது கமண்டலத்தின் மூக்கை வண்டு உருவில் அடைத்த சுக்கிராச்சாரியாரை வாமனர் தர்ப்பையால் குத்த, அவருக்கு ஒரு கண் போயிற்று; இங்கே வழிபட்டு மீண்டும் பெற்றார் என்பது தலபுராணம். கண் நோய்க்காரர்கள் இன்றைக்கும் அங்கே வேண்டிக்கொள்கிறார்கள். நான் வகுப்பில் சொல்வேன்: புல் குத்திக் கண் போவது புராணத்தில் மட்டும் நடப்பதில்லை. வயலில் நெல் உமியோ சோளத் தட்டையோ கண்ணில் பட்டு, அந்தச் சிராய்ப்பில் காளான் இறங்கி, பார்வை போன விவசாயிகள் நம் ஊரில் எத்தனையோ பேர். மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கு 1996-இல் வெளியானது. லட்சம் பேருக்கு வருஷத்தில் 113 பேருக்குக் கார்னியாப் புண். அமெரிக்காவில் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப் போல அது பத்து மடங்கு. இந்தக் காளான் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்று உலகத்துக்குச் சொன்ன பெரிய ஆய்வும், 2013-இல் வெளியானது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் ப்ராக்டர் நிறுவனமும் சேர்ந்து செய்ததுதான்.

வயலில் உமி திறக்கும் வாசலை நகரத்தில் லென்ஸ் திறக்கிறது. உள்ளே வருகிறவர்கள் பழைய ஆட்கள்தான்: பாக்டீரியா, காளான், அமீபா.

நம் உறவுகள் பாதிப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். 2006 உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். வயல் என்பதே இல்லாத அந்த ஊரில், ஃபியூசேரியம் என்ற, நம் விவசாயிகள் கண்ணில் இறங்கும் அதே காளான் 66 பேரின் கண்ணில் புண் உண்டாக்கியது. ஒருவரைத் தவிர எல்லோரும் சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்கள். பெரும்பாலோர் பயன்படுத்தியது பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனத்தின் ரெனு வகைக் கரைசல். அமெரிக்காவிலும் அதே சமயத்தில் 164 பேருக்கு உறுதியானது. அந்த ஆண்டு மே மாதம் மாய்ஸ்சர்லாக் என்ற அந்தக் குறிப்பிட்ட கரைசலை நிறுவனம் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: தொழிற்சாலையிலும் பிரிக்காத புட்டிகளிலும் தேடிப் பார்த்தார்கள், அந்தக் காளான் அகப்படவில்லை. அது வந்தது வீட்டுச் சூழலிலிருந்து. கரைசலும், நேற்றைய மிச்சத்தோடு இன்றைக்குக் கொஞ்சம் ஊற்றி நிரப்பும் நம் கையும் சேர்ந்து அதற்கு இடம் கொடுத்தன. இட்லி மாவுக்குப் பழைய மாவைக் கொஞ்சம் விட்டு வைப்பது நல்ல பழக்கம். லென்ஸ் டப்பாவில் அதைச் செய்தால் புளிப்பது வேறு.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2008-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஆய்வின்படி, பகலில் மட்டும் சாஃப்ட் லென்ஸ் போடுகிற பத்தாயிரம் பேரில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2 பேருக்குக் கிருமிப் புண் வருகிறது. போட்டபடியே தூங்குகிறவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு. 1989-இல் அமெரிக்காவில் எடுத்த கணக்கும் இதே ரகம்தான்: பகலில் 4, தூங்கினால் 21. நடுவில் இருபது வருஷத்தில் ஆக்சிஜனை நிறைய விடும் புது லென்ஸ்கள் வந்துவிட்டன. தூங்குவதால் வரும் ஆபத்து மட்டும் குறையவில்லை. ஆக, லென்ஸ் போடுகிற பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆகிற சிலரில் யார் இருப்பார்கள் என்பதைப் பெரும்பாலும் தூக்கம், தண்ணீர், தாமதம் மூன்றும் தீர்மானிக்கின்றன.

தூக்கத்தைச் சொல்லிவிட்டேன். தண்ணீருக்கு வருவோம், அதுவும் சென்னைத் தண்ணீருக்கு. மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலந்து, மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறி, நம் குழாய்க்கு வருகிறது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் இறங்கியதை நாமே பார்த்தோம். தண்ணீரிலும் மண்ணிலும் அகாந்தமீபா என்று ஓர் அமீபா வாழ்கிறது. நிலைமை சரியில்லை என்றால் இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே முடங்கிவிடும். குளோரின் கூட அதை அசைக்காது. குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்ஸின் அடியில் மாட்டிக்கொண்டால் கார்னியாவைத் தின்னும். புண் சின்னதாக இருக்கும்போதே வலி தாங்க முடியாது. மருந்து மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும். கேன் தண்ணீர், ஃபில்டர் தண்ணீர், காய்ச்சி ஆறிய தண்ணீர் எதுவும் லென்ஸ் கழுவ ஆகாது. லென்ஸோடு தலைக்குக் குளிக்க வேண்டாம், நீச்சல் குளத்தில் இறங்க வேண்டாம், பெசன்ட் நகர் கடற்கரையில் அலையில் நனைய வேண்டாம். அவசரத்துக்கு எச்சில் தொட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இனி நம் பேட்டை விஷயம் இரண்டு.

ஒன்று, மார்கழி. பரதநாட்டியம் ஆடும் பெண்கள் மூக்குக் கண்ணாடியோடு மேடை ஏற முடியாது. அபிநயத்துக்குக் கண்தானே எல்லாம். அவர்களுக்கு ஒரு நாள் மட்டும் போட்டு எறிந்துவிடும் டெய்லி டிஸ்போசபிள் லென்ஸ் நல்ல வழி. டப்பாவும் கரைசலும் இல்லாததால் அவற்றில் வரும் வம்பும் இல்லை. முதலில் லென்ஸ், பிறகு மை. கழற்றும்போது முதலில் லென்ஸ், பிறகு மையைக் கலைப்பது. கச்சேரி முடிந்து கேன்டீன், போட்டோ, கார் என்று லென்ஸோடு தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அம்மாக்கள் பொறுப்பு.

இரண்டு, கல்யாணம். பியூட்டி பார்லரில் மணப்பெண்ணுக்குச் சாம்பல் நிறம், தேன் நிறம் என்று கலர் லென்ஸ் மாட்டிவிடுகிறார்கள். பவர் இல்லாத லென்ஸ்தானே, அழகுக்குத்தானே என்பார்கள். கார்னியாவுக்கு அழகு லென்ஸ், பவர் லென்ஸ் என்ற வித்தியாசம் தெரியாது. கண்ணை அளந்து பார்க்காமல் போட்டால் சிராய்க்கும். ஒருத்தி போட்டதை இன்னொருத்தி போட்டால் கிருமியும் சேர்ந்து வரும். அமெரிக்காவில் 2005 முதல், பவர் இல்லாத கலர் லென்ஸுக்கும் மருந்துச் சீட்டு வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் கறுப்பு விழிக்கு என்ன குறை, நான் கேட்கிறேன்?

கல்யாணம் என்றதும், வாட்ஸ்அப் குழுக்களில் வருஷம் தவறாமல் சுற்றும் ஒரு செய்தி ஞாபகம் வருகிறது. லென்ஸ் போட்டுக்கொண்டு நெருப்பின் அருகே நின்ற பையனுக்கு லென்ஸ் உருகிக் கண்ணோடு ஒட்டி, பார்வை போய்விட்டது என்று. அது கட்டுக்கதை. ஈரமான கண்ணில் இருக்கும் லென்ஸ் உருகும் அளவுக்குச் சூடு வந்தால் அதற்கு முன்பே முகம் வெந்துவிடும். ஹோமப் புகையில் கண் எரியும், லென்ஸ் உலரும், அவ்வளவுதான். இல்லாத நெருப்புக்குப் பயந்து பத்துக் குழுவுக்கு அனுப்புகிறோம். டப்பா பாத்ரூமில் ஈரமாகக் கிடப்பதைப் பற்றி யாரும் செய்தி அனுப்புவதில்லை.

லென்ஸே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். கெரட்டோகோனஸ் என்று கார்னியா கூம்பு போல் புடைக்கும் நோய் இருக்கிறது. அவர்களில் பலருக்கு மூக்குக் கண்ணாடி தராத பார்வையை ஹார்ட் லென்ஸ் தருகிறது. கண்புரை நீக்கிய கைக்குழந்தைகளுக்கும் லென்ஸ் போடுவது உண்டு. பவர் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு அது கொடுக்கும் தைரியத்தையும் நான் பார்த்திருக்கிறேன். லென்ஸை நகை மாதிரி நினைக்காமல் மருந்து மாதிரி நினைத்தால் போதும். மருந்துக்கு வேளை உண்டு, அளவு உண்டு, காலாவதித் தேதி உண்டு.

நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. லென்ஸைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். ஈரக் கையும் தண்ணீர்தான்.

2. தினமும் பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதியது ஊற்றுங்கள். லென்ஸை உள்ளங்கையில் வைத்துக் கரைசலால் தேய்த்துக் கழுவுங்கள்.

3. டப்பாவைக் கரைசலால் அலசித் திறந்து கவிழ்த்துக் காய வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டப்பாவை மாற்றுங்கள்.

4. மத்தியானத் தூக்கமும் தூக்கம்தான். கம்பெனி வண்டித் தூக்கமும் தூக்கம்தான்.

5. மாத லென்ஸை இரண்டு மாதம் ஓட்டாதீர்கள். சிக்கனத்துக்கு வேறு இடம் இருக்கிறது.

6. சரியான பவரில் ஒரு மூக்குக் கண்ணாடி எப்போதும் கைவசம் இருக்கட்டும். அது இல்லாதவர்கள்தான் கண் சிவந்த பிறகும் வேறு வழியில்லாமல் லென்ஸ் போடுகிறார்கள்.

7. சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து வாங்காதீர்கள். நந்தியாவட்டைப் பூ, பன்னீர், தாய்ப்பால் எதுவும் வேண்டாம்.

கடைசியாகத் தாமதம். மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டும், அரிக்கும், ஒரு கண்ணில் வந்து மறு கண்ணுக்கும் போகும். பீளையைத் துடைத்தால் பெரும்பாலும் பார்வை தெளிவாக இருக்கும். கார்னியாப் புண் பெரும்பாலும் ஒரு கண்ணில் வரும். வலிக்கும், வெளிச்சம் பிடிக்காது, பார்வை மங்கும், கருவிழியில் வெள்ளை தெரியலாம். ஆனால் இதை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதக் கூடாது. ஸ்லிட் லாம்ப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். லென்ஸ் போடுகிறவர்கள் போகும்போது லென்ஸையும் டப்பாவையும் போட்ட மருந்தையும் எடுத்துப் போங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டாம், எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-இல் தொடங்கியது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழமையானது என்ற பெருமை உடையது. நம் நகரத்தின் ஏழைக் கண்களை இருநூறு வருஷமாகப் பார்த்துவருகிறது.

புண் முற்றிவிட்டால் கார்னியாவையே மாற்ற வேண்டும். அது கடையில் கிடைக்காது. இறந்துபோன ஒருவருடைய வீட்டார், துக்கத்தின் நடுவில், ஆறு மணி நேரத்துக்குள் மனசு வைத்துக் கொடுத்தால்தான் உண்டு. அறுபத்துமூவர் உலாவில் கண்ணப்பர் வரும்போது நாம் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். தன் கண்ணை எடுத்து அப்பியவர் அவர். நானும் என் வீட்டுக்காரரும் கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்துப் பல வருஷம் ஆகிறது. நீங்களும் எழுதிக் கொடுங்கள். ஆனால் தன் கவனத்தாலேயே காப்பாற்றியிருக்கக்கூடிய கண்ணுக்காக யாரும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

வீட்டுப்பாடம் ஒன்றுதான். இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டு லென்ஸ் டப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் வழுவழுப்போ மங்கலோ தெரிந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். புது டப்பா ஒரு காபி விலைக்குக் கிடைக்கும்.

உங்கள் விலங்கியல் டீச்சர்